மதியம் மழை பிடித்தால் எங்கே உட்காருவது? ஐப்பசியில் போக நான்கு மலைகள்

தீபாவளி முடிந்த கையோடு அக்கா குடும்பத்தோடு சென்னையிலிருந்து வருகிறாள். "ரெண்டு ராத்திரி மலையில தங்கணும்டா, எந்த மலைன்னு நீயே பாத்துச் சொல்லு, மூணாறுன்னா பிள்ளைங்க சந்தோஷப்படும்" என்று போனில் சொன்னதிலிருந்து ஒரு வாரமாக இதே யோசனைதான். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மேற்கே ஏறினால் கேரளா, கிழக்கே ஏறினால் மேகமலை, வடக்கே போடி போய் ஏறினால் மூணாறு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வருஷா வருஷம் ஐப்பசியில் ஆட்கள் ஏறிப் போய் நனைந்து, அறைக்குள் அடைபட்டு, ஒன்றுமே பார்க்கவில்லை என்று இறங்கி வருகிறார்கள். நானும் அப்படி வந்திருக்கிறேன். அதனால் இந்த முறை அருவி எத்தனை, வியூ பாயின்ட் எத்தனை என்று எண்ணாமல் எல்லா இடத்துக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன். மதியம் ரெண்டு மணிக்கு மழை பிடித்து ராத்திரி வரை விடாமல் பெய்தால் அங்கே நாம் எப்படி இருப்போம்?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரமெல்லாம் சிவந்து இலை உதிர்கிற காலம் நம் பக்கத்து மலைகளுக்குக் கிடையாது. நமக்கு இருப்பது கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இந்தக் கூதிரையும், அதற்கு அடுத்த முன்பனியையும்தான் குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுது என்று நம் பழைய இலக்கணம் வைத்திருக்கிறது, சிறுபொழுது யாமம். மலையை அதன் முழு அழகில் பார்க்க ஈரமும் குளிரும் ராத்திரியும் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்து மழையைக் கேரளாக்காரர்கள் துலாவர்ஷம் என்பார்கள். ஆடி மாதச் சாரல் மாதிரி நாள் முழுக்க நசநசவென்று இருக்காது. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் மேலே போய்க் கருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். வங்கக்கடலில் தாழ்வு ஏதாவது உருவானால்தான் காலையிலிருந்தே அடைமழை. ஆகவே சாதாரண நாளில் காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஊர் சுற்றலாம், மீதி நாளைத் தங்குமிடத்தில்தான் கழிக்க வேண்டும். பாதி நாள் தங்குமிடத்தில்தான் என்றால், அதைப் பார்த்துப் பிடிப்பதுதான் பாதி வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இது தெரியாமல் மூணாறு டவுனுக்குள் ஒரு லாட்ஜில் அறை போட்டேன், பெயர் வேண்டாம். படத்தில் கண்ணாடி ஜன்னல் பெரிதாகத் தெரிந்தது, போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சிமெண்ட் சுவர், நடுவில் தண்ணீர்க் குழாய்கள். ரெண்டரைக்கு மழை பிடித்தது. அம்மா கட்டிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், கரண்ட் போய்ப் போய் வந்தது, எட்டு மணிக்குக் குடையோடு இறங்கி புரோட்டா வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் படுத்தோம். "இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதற்காக மூணாறு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போடியிலிருந்து 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு, ஏற ஏறக் கீழே போடியும் தென்னந்தோப்பும் சின்னதாகிக்கொண்டே போவதைப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். 2023 ஜூனிலிருந்து போடி வரை ரயிலே வருகிறது, சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ராத்திரி வண்டி இருக்கிறது, காலையில் இறங்கிக் கையோடு மலை ஏறிவிடலாம். மூணாறு நமக்கு வேற்றூர் மாதிரியும் இருக்காது. எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர்கள், 2015ல் 'பொம்பளை ஒருமை' என்று தமிழ்ப் பெயரோடு தொழிலாளிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடிய ஊர் அது. 1924 வெள்ளம் அடித்துப் போகிற வரை அங்கே சின்ன ரயில் ஒன்று ஓடியது, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்கு வந்தன. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அங்கே நின்று கீழே பார்க்கும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், வியூ பாயின்ட் சட்டென்று உயிர்பெற்றுவிடும்.

ஐப்பசியில் மூணாறு பக்கம் ரெண்டு காட்சிகள் மற்ற மாதங்களைவிட நன்றாகக் கிடைக்கும். ஒன்று இரவிகுளம் தேசியப் பூங்காவில் ராஜமலை. மழை முடிந்து புல் புதிதாக இருக்கும், வரையாடுகள் ரோட்டோரம் வரை வந்து மேயும். ஆன்லைனில் டிக்கெட் எடுத்து காலை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட வேண்டும், பதினொரு மணிக்கு மேல் போனால் மேகம் இறங்கி வெறும் வெள்ளைத் திரைதான். குறிஞ்சிப்பூ இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2018ல் பூத்தது, இனி 2030. இன்னொன்று கொழுக்குமலைச் சூரிய உதயம். ராத்திரி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலில் மேகம் முழுக்க நமக்குக் கீழே படுத்திருக்கும், அதற்கு மேல் சூரியன் வரும், நான் பார்த்த விடியல்களில் அதற்கு ஈடு இல்லை. மலை நம் தேனி மாவட்டம், பாதை மட்டும் கேரளாவில் சூரியநெல்லி வழியாக. ஜீப்பில்தான் போக முடியும், நாலு மணிக்கே கிளம்ப வேண்டும், தூரம் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கல் ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எலும்பைக் குலுக்கி எடுத்துவிடும். முட்டி வலி, முதுகு வலி உள்ளவர்களை, கர்ப்பிணிகளைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள். டிரைவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் யோசிக்க வேண்டும்.

மூணாறில் தவறு எங்கே நடக்கிறது என்றால் டவுனில் தங்குவதில். அதே மலையில் பூப்பாறை, சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் தங்கிப் பாருங்கள். போன வருஷம் இதே சமயம் பூப்பாறைக்குப் பக்கத்தில் நண்பனுடைய தோட்டத்தில் ஒரு நாள் இருந்தேன். காய் எடுப்பு மும்முரம். நம் கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போகிறார்களே, அந்தப் பெண்கள்தான் ஏலத்தட்டைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து தரையோடு கிடக்கும் சரத்திலிருந்து முற்றின காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார்கள். ரெண்டேகாலுக்கு முதல் இடி. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு சாக்குப் பைகளோடு எல்லோரும் ஸ்டோருக்கு ஓடி வந்தார்கள், எடை போட்டார்கள், ஒருத்தர் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. ராத்திரி உலர் கூடத்தில் தீ மூட்டிய பிறகு ஏலக்காய் வாசம் மழை வாசத்தோடு கலந்து வராந்தா முழுக்க நின்றது, நண்பன் கையில் கொஞ்சம் பச்சைக்காயும் கொஞ்சம் உலர்ந்த காயும் வைத்துக் காட்டினான். சுமார் அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறுமாம். அன்றைக்கு ஒரு வியூ பாயின்ட்கூடப் பார்க்கவில்லை. மழை எப்போது விடும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். சின்னக்கானல், ஆனையிறங்கல் யானைப் பூமி. அரிக்கொம்பன் யானை அங்கிருந்துதான் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு, தேக்கடிக் காட்டில் விடப்பட்டு, மே கடைசியில் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டினதற்கு அப்புறம் அந்த ரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள், ஆறு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். மழை அலர்ட் பலமாக இருந்தால் இடுக்கி கலெக்டர் மலைப் பாதைகளில் ராத்திரிப் பயணத்துக்கே தடை போடுவதும் உண்டு, கிளம்பும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேக்கடி. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் சுலபம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பத்திலிருந்து குமுளி 25 கிலோமீட்டருக்குள், ஏற்றமும் கொஞ்சம்தான், லோயர் கேம்பைத் தாண்டியதும் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நம் வயலுக்கு வருகிற தண்ணீர் இப்படித்தான் வருகிறது, 1895ல் பென்னிகுவிக் கட்டிய அணை மேலே இருக்கிறது, நாம் படகில் போகப்போகிற ஏரியே அந்த அணையால் உண்டானதுதான் என்று சொல்லலாம். குமுளியில் நல்ல சாப்பாடு, டாக்டர், மருந்துக்கடை, நம் ஊர் பஸ் எல்லாம் நடக்கிற தூரத்தில். மழை பிடித்தாலும் கூரைக்கடியில் நேரம் போகும். வாசனைப் பொருள் கடைகள், சாயங்காலம் கதகளி, களரி என்று ஏதாவது இருக்கும்.

ஆனால் படகில் யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம் என்ற நினைப்போடு ஐப்பசியில் போகாதீர்கள். பங்குனி, சித்திரையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றும்போதுதான் மிருகங்கள் ஏரிக்கரைக்கு இறங்கும். இப்போது காடெல்லாம் தண்ணீர், அவற்றுக்கு ஏரி வரை வர என்ன தேவை? தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள், அதில் இறக்கை விரித்துக் காயும் நீர்க்காகங்கள், காலை முதல் படகில் ஏரி மேல் எழும் ஆவி, இதுவே போதும் என்பவர்களுக்கு இது அருமையான காலம். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள், 2009ல் படகு கவிழ்ந்து 45 பேர் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

தேக்கடிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கார்த்திகை முதல் தேதிக்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும். நவம்பர் பாதியில் மாலை போட்டவுடன் குமுளி ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிதான், நெரிசல் அதிகமானால் சபரிமலை போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, வருகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அது அவர்களுக்கான காலம், நாம் சுற்றிப்பார்க்கப் போய் நடுவில் நிற்பது சரியில்லை. தீபாவளிக்கும் கார்த்திகை ஒன்றுக்கும் நடுவில் வருகிற வார நாட்கள் எந்த மலைக்குமே நல்லவை, தேக்கடிக்கு ரொம்பவே.

வாகமண் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. மொட்டைக் குன்றுகள், பைன் மரக்காடு, 2023ல் திறந்த 40 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், தங்கல்பாறை, முருகன்மலை, குரிசுமலை என்று மூன்று மதத்துக்கும் ஒவ்வொரு மலை. வெயிலான காலையில் அந்தப் புல்வெளியில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாமே திறந்தவெளி, துலாவர்ஷத்தில் இடுக்கி முழுக்க இடி மின்னல் பலமாக இருக்கும், மொட்டைப் புல்மேட்டில் நாலு பிள்ளைகளோடு மின்னலில் மாட்டுவதற்கு நான் தயாராக இல்லை. காற்றுக்காகவே போகிற ராமக்கல்மேட்டுக்கும் இதே பேச்சுதான். கம்பம்மெட்டு ஏறிக் காலையில் போய், பாறை விளிம்பிலிருந்து நம் கம்பம் பள்ளத்தாக்கையே பச்சைக் கம்பளமாகப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பிவிடலாம், தங்க வேண்டியதில்லை. வாகமண்ணை மாசிக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

மனசு மட்டும் மேகமலை மேகமலை என்கிறது. சின்னமனூரிலிருந்து தென்பழனி செக்போஸ்ட் தாண்டினால் 18 வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் சங்கப் பாட்டில் வருகிற பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள், வாசித்துக்கொண்டே ஏறலாம். மேலே தேயிலை, அதற்கு நடுவில் அணைத் தண்ணீர், அதைச் சுற்றி சோலைக்காடு. விடியற்காலையில் தண்ணீர் மேல் கிடக்கும் மேகம் தேயிலைச் சரிவில் மெதுவாக ஏறும், ஒரு ஹாரன் சத்தம் கேட்காது, சிங்கவால் குரங்கு உள்ள காடு, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி பறக்கிற இறக்கைச் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆன பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, அது நல்லதுதான். சாயங்காலத்துக்கு மேல் வண்டியை விட மாட்டார்கள், தங்க இடமும் கொஞ்சம்தான், முன்கூட்டியே பேசி வைக்காமல் ஏறக்கூடாது.

தனியாகவோ, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களாகவோ, சத்தம் பிடிக்காதவர்களாகவோ இருந்தால் நான்கில் முதல் இடம் மேகமலைக்குத்தான், மழை பெய்தாலும் அந்தத் தனிமையே சுகம். ஆனால் அந்த மலைக்கு ஐப்பசி மழை நேராக வரும். கேரளப் பக்கத்துக்குப் பெருமழை ஆனி ஆடியில் முடிந்துவிடும், கிழக்கு பார்த்த மேகமலைக்கு வடகிழக்குப் பருவமழையில்தான் நல்ல பங்கு. ஒரு மண் சரிவோ மரமோ ரோட்டில் விழுந்தால் இறங்க வேறு நல்ல வழி இல்லை. மேலே பெட்ரோல் பங்க் கிடையாது, சின்னமனூரிலேயே டேங்கை நிரப்ப வேண்டும், போன் சிக்னல் சில இடத்தில்தான். அம்மாவுக்கு ராத்திரியில் மூச்சு இழுக்கிற தொந்தரவு உண்டு, ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பதினெட்டு வளைவையும் மழையில் இறங்கியாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக இந்த முறை விட்டுவிட்டேன், மனசே இல்லாமல்.

நடுவில் மச்சான் கொடைக்கானல் என்று ஒரு பேச்சு எடுத்தார். 2024 மேயிலிருந்து அங்கேயும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும், எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் தீபாவளி விடுமுறையில் பாதி மதுரையும் பாதி திண்டுக்கல்லும் அங்கேதான் இருக்கும் என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

ஆக, கடைசியில் தேக்கடியும் பூப்பாறையும்தான் எதிரெதிரே நின்றன. செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மூணாறு டவுனைவிட ரெண்டுமே குறைவு. வசதியைப் பார்த்தால் தேக்கடி, அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு நான் போவதாக இருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் சென்னையில் ஏழாவது மாடியில் வளர்கிற அக்கா பிள்ளைகள் ஓர் ஏலச்செடியைத் தொட்டதில்லை, தாத்தா இருபது வருஷம் கங்காணி வேலை பார்த்த மலையும் அந்தப் பக்கம்தான். அம்மாவிடமே கேட்டேன். "வராந்தா இருக்குல்ல? அப்ப அங்கயே போவோம்" என்றாள். பூப்பாறையிலிருந்து ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு இறங்க ரெண்டு பக்கமும் நல்ல ரோடு இருக்கிறது என்பதால் எனக்கும் நிம்மதி.

வீட்டுக்காரரிடம் போனில் மூன்று விஷயம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன், நீங்கள் எந்த மலைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள். கூரை உள்ள திறந்த வராந்தா இருக்கிறதா, கரண்ட் போனால் மாற்று என்ன, வீட்டு வாசல் வரை கார் வருமா இல்லை கடைசி ஒரு கிலோமீட்டர் ஜீப்பா. மூன்றாவதைக் கேட்காமல் போய், ஈரச் சரிவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயதானவர்கள் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்குள் இந்த மாதம் அட்டை இருக்கும், முழங்கால் வரை சாக்ஸும் ஒரு துணியில் முடிந்த உப்பும் போதும், கடித்தால் பிடுங்காமல் உப்பை வைத்தால் தானே விழுந்துவிடும். கேரள மலைகளில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இப்போது தடை, எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோய் வழியில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

முதல் நாள் காலை போடிமெட்டு ஏறி மதியத்துக்குள் வீடு, ரெண்டாம் நாள் விடியலில் மச்சானும் பெரிய பிள்ளைகளும் கொழுக்குமலைக்கு ஜீப்பில் போக, நானும் அம்மாவும் அக்காவும் தோட்டத்தில், மூன்றாம் நாள் ராஜமலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டு இருட்டுவதற்குள் போடி இறங்குவது. ஜீப்காரருக்கு முன்பணம் அனுப்பியாச்சு. அம்மா பீரோவிலிருந்து தாத்தாவின் பழைய கம்பளியை எடுத்து மாடிக் கொடியில் வெயிலுக்குப் போட்டிருக்கிறாள், இன்றைக்கு மத்தியானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்ததும் ஓடிப்போய் எடுத்துவிட்டு, நாளைக்குக் காலையிலேயே மறுபடி போட வேண்டும் என்கிறாள்.